சிறு திருத்தம்

கீழே லால்குடியிலேர்ந்து ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார், கையில பிளாஸ்டிக் கவர், ரிப்போர்ட் தப்பா வந்துடுச்சுன்னு சொல்றார், என்று தீனதயாளன் சார் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று சொன்னபோது காலை பத்தே முக்கால் இருக்கும், டீயை வாயருகே கொண்டுபோயிருந்தேன், குடித்தேனா வைத்தேனா தெரியவில்லை, எந்தத் தேதி ரிப்போர்ட் சார் என்று மட்டும் கேட்டேன். அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்து ஜூன் பத்தொன்பது என்றார். ஜூன் பதினொன்றிலிருந்து இருபத்தேழு வரைக்கும் நடுவில் எந்தத் தேதியைச் சொல்லியிருந்தாலும் டீ இப்படித்தான் ஆறிப்போயிருக்கும், பத்து என்றோ இருபத்தெட்டு என்றோ சொல்லியிருந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்திருப்பேன். நீ போய்ப் பேசு ரூபி, அந்த மாட்யூல் நீ எழுதுனதுதானே, டெக்னிக்கலா ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பு, லேப் சைட்ல ஏதோ குழப்பம்னு சொல்லு, பாவம், சம்சாரத்துக்கு முடியலையாம். சரி சார், பத்து நிமிஷத்துல போறேன். அவர் போய்விட்டார். எதற்குப் பத்து நிமிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, கேட்டால் கொடுக்கிறார்கள், மூன்று மாதம் நான் கேட்காமலேயே கொடுத்திருந்தார்கள். மனைவிக்கு என்ன ரிப்போர்ட் என்று நான் கேட்கவில்லை. சர்க்கரையாக இருக்கலாம். தைராய்டாக இருக்கலாம், பாதிப்பேருக்குத் தைராய்டுதான், மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் சரியாகிவிடும், ஒரு தைராய்டு ரிப்போர்ட்டுக்காக லால்குடியிலிருந்து ஒரு மனுஷன் லீவு போட்டுவிட்டு வருவாரா, வரலாம், சிலர் அப்படித்தான், சின்ன விஷயத்துக்கும் சண்டைக்கு வருவார்கள், இவர் சண்டைக்காரராக இருக்கட்டும் ஆண்டவரே, கத்துகிறவராக இருக்கட்டும்.

திரையில் அந்தக் கோப்பைத் திறந்தேன். திறக்க வேண்டிய அவசியமில்லை, கண்ணை மூடினாலும் தெரியும், ஆனால் கை போய்த் திறந்தது. எங்கள் கம்பெனி செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை, திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் ரத்தம் கொடுத்தவர்களும் சதை வெட்டிக் கொடுத்தவர்களும் லேபுக்கு மறுபடி அலையாமல் போனிலேயே முடிவைப் பார்த்துக்கொள்ளும்படி ஓர் ஆப். நோயாளிக்குப் பதிலாக எங்கள் ப்ரோகிராமே லேபின் தளத்துக்குள் நுழையும், முடிவை மட்டும் எடுத்துவரும், எங்களிடம் உள்ள பெயருக்கும் வயதுக்கும் கீழே அதைப் பொருத்திக் காட்டும். உள்ளே நுழைந்ததும் லேபின் தளம் ஒரு துண்டு எழுத்தைக் கொடுத்தனுப்புகிறது, அதுதான் குக்கி, அடுத்த முறை அதைக் காட்டினால் இன்னார் என்று கண்டுகொண்டு அவருடைய முடிவை எடுத்துத் தருகிறது. ஆயிரம் நோயாளிக்காக ஆயிரம் தடவை எங்கள் ப்ரோகிராமே போய் நிற்பதால் எந்தத் துண்டு யாருடையது என்று கலக்காமல் வைத்துக்கொள்ள ஒரு கிளாஸ், ஓர் அச்சு மாதிரி, வேண்டும், அதை எழுதியவள் நான், ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தக் கிளாசிலிருந்து ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்குள்ளும் தனிப் பை, அவரவர் துண்டு அவரவர் பையில். பையின் பெயருக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல்லைப் போட்டால் பை ஆப்ஜெக்டுக்குச் சொந்தமில்லாமல் கிளாசுக்குச் சொந்தமாகிவிடும், ஆயிரம் பேருக்கும் ஒரே பை. கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டேன், சோதித்துப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப உள்ளே நுழைந்தால் லேபின் தளம் ஐந்தாவது தடவை கதவைச் சாத்திக்கொள்கிறது, பொதுப் பையில் பழைய துண்டு இருந்தால் மறுபடி நுழைய வேண்டாம் என்று, ஒரு மத்தியானத்துக்கு மட்டும், சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று. எடுக்கவில்லை. அது அப்படியே வெளியே போனது. எங்கள் டெஸ்டிங்கில் ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வொருத்தராக வந்தால் ஒரே பை போதும், இரண்டு பேர் ஒரே நொடியில் வரும்போதுதான் பின்னால் வந்தவருடைய துண்டு முன்னால் வந்தவருடைய துண்டின் மேல் விழும், முன்னால் வந்தவருக்குப் பின்னால் வந்தவருடைய ரத்தம் காட்டப்படும்.

பதினேழாவது நாள் நானே பார்த்தேன். இதுதான் நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, வேறு யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். வேறெதற்கோ கோப்பைத் திறந்தவள் அந்தச் சொல்லைப் பார்த்தேன், அழித்தேன். யாருக்காவது தப்பாகப் போயிருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது, அதே நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன், பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்க. எதை மாற்றினாலும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், ஆங்கிலத்தில்தான் எழுதினேன், தமிழில் சொன்னால் சிறு திருத்தம். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காய்ச்சல் ஒன்றும் பெரிதில்லை, இரண்டு நாளில் விட்டுவிட்டது, மூன்றாம் நாள் அலுவலகம் வந்து உட்கார்ந்தபோது சொல்ல வேண்டிய நேரம் தாண்டிவிட்டதாகத் தோன்றியது, யாரும் புகார் சொல்லவில்லை, சொல்லாததனால் ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நிற்கும்போது சொல்லவேண்டிய பாவங்களை மனதுக்குள் அடுக்கிக்கொள்வேன், பொய் சொன்னேன் சாமி, ஜெபத்தில் பராக்குப் பார்த்தேன் சாமி, தங்கச்சியைக் கிள்ளினேன் சாமி, சின்னதாக நாலைந்து, அவற்றுக்கு நடுவில் உண்மையான ஒன்று சொல்லப்படாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தப் பழக்கம் கைக்கு வந்திருக்கிறது. திரையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கின்றன, அழித்த வரியும் எங்கும் போய்விடவில்லை, பழைய பதிப்பில் சிவப்பாக நிற்கிறது, அழித்தவர் ரூபி, ஜூன் இருபத்தேழு, சிறு திருத்தம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை. பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது.

படியில் இறங்கும்போது லேப் சைட், லேப் சைட் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன், கைப்பிடிச் சுவரில் புதுப் பெயின்ட் வாசனை, மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் போய் ஒட்டுகிறது. லேபுக்கு நூறு வாடிக்கையாளர்கள், அவர்கள் சிஸ்டம் பழசு, அதுவும் பொய்யில்லை, பழசுதான். கீழே சின்ன மீட்டிங் அறையில் அவர் உட்கார்ந்திருந்தார், ஐம்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, விரல் நகங்களின் ஓரத்தில் கழுவினாலும் போகாத கருப்பு, நான் நுழைந்ததும் எழுந்து நின்றார். எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், உக்காருங்க சார் என்று வந்தது. கலியபெருமாள்மா, லால்குடில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், என்று சொல்லிவிட்டு, கத்தாமல், கவரிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எங்கள் ஆப்பில் வந்ததன் அச்சு. தையல்நாயகி, வயது நாற்பத்தொன்பது. மற்றது லேபில் போன வாரம் நேரில் போய் வாங்கியது, அதே பெயர், அதே தேதி, அதே எண். "பேரு, நம்பர் எல்லாம் ஒண்ணுதாம்மா. கீழ பாருங்க." கீழே பார்த்தேன். தைராய்டு இல்லை. மார்பிலிருந்து எடுத்த சதை. எங்கள் தாளில் சாதாரணக் கட்டி என்று இருந்தது, லேபின் தாளில் அந்தச் சொல் இருந்தது, அதற்குப் பக்கத்தில் இரண்டாம் நிலை என்று யாரோ பேனாவால் எழுதி அடித்து நான்கு என்று எழுதியிருந்தார்கள். அந்த நாலு இப்ப எழுதுனது, டாக்டரு, என்றார் நான் பார்ப்பதைப் பார்த்து. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, என் முதுகில் வியர்வை இறங்குவது தெரிந்தது, என் உடம்பில் அதே இடத்தில் விண்ணென்று ஒரு வலி, அது வலியா பயமா, இன்று குளிக்கும்போது தடவிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அவர் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் என்னைப் பற்றித்தான் நினைத்தேன், இதையும் எழுதி வைக்க வேண்டும்.

"போன்ல பாத்ததும் மெடிக்கல் கடைத் தம்பிகிட்ட காட்டினேன், ஒண்ணுமில்லண்ணே, சாதாரணக் கட்டின்னுச்சு. டாக்டரும் அதே போனத்தான் பாத்தாரு. சரி, பாத்துக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாரு. அன்னைக்கு இவ சமயபுரத்துக்குப் போயி மாவிளக்குப் போட்டா. ஆடி முழுக்க வீட்டுல சிரிப்புதான். ஆவணியில கை தூக்க முடியலன்னா." அவர் நிறுத்தினார். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம். சார், இது லேப் சைட்ல என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்த குரல் எனக்கே தீனதயாளன் சார் குரல் போலக் கேட்டது. அவர் தலையை ஆட்டினார். "லேபுலயும் கேட்டேம்மா. நாங்க அனுப்புனது இதான், மாத்தி வந்ததுக்கு நாங்க பொறுப்பில்லன்னாங்க. சண்டைக்கு வரல. கேசு கீசெல்லாம் மச்சான் பாத்துக்கறேன்னிருக்காரு, அது அவரு பாடு. எனக்கு எப்படி மாறுச்சுன்னு தெரியணும். மோட்டார் எரிஞ்சு வந்தா பிரிச்சுப் பாத்தா எந்தச் சுத்துல எரிஞ்சதுன்னு தெரியும். இது தெரியாம என்னால சோறு திங்க முடியல. எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க." நான் சொல்லத் தொடங்கினேன். பொய்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன், ஆனால் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டால் பொய்யை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ஒவ்வொரு படியாகச் சொன்னால் அடுத்த படி தானாக வந்து நிற்கிறது. கோயில்ல செருப்பு விட்டா டோக்கன் குடுப்பாங்கல்ல சார், அந்த மாதிரி லேப் ஒவ்வொருத்தருக்கும் ஒரு டோக்கன் குடுக்கும், அதைக் காட்டினாத்தான் அவங்கவங்க ரிப்போர்ட் வரும், உங்களுக்காக அந்த டோக்கனை வாங்கி வச்சுக்கிறது எங்க ப்ரோகிராம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பையில வைக்கணும். "சரி." எல்லாத்தையும் ஒரே பையில போட்டுடுச்சு. உங்க வீட்டம்மா டோக்கன் போட்ட அடுத்த நொடி வேற ஒருத்தரோடது மேல விழுந்திருக்கு. கையை விட்டு எடுத்தப்ப அது வந்திருக்கு. அவர் கருப்பு நகத்தால் தாளின் ஓரத்தை நீவிவிட்டார். "அப்ப பை ஒண்ணா இருந்ததுதான் கோளாறு. லேபு டோக்கன் சரியாத்தான் குடுத்திருக்கு." ஆமா சார். "பை உங்களுது." ஆமா. "ஒரே பை போதும்னு யாரும்மா முடிவு பண்ணது?"

நான்தான் சார், என்றேன்.

சொன்னதும் காதில் ஓர் இரைச்சல், வெளியே ஆட்டோ ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது, அதுவாக இருக்கலாம். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார், முதல் தடவையாக ஓர் ஆபீஸ்காரியைப் பார்ப்பதுபோல் இல்லாமல், பார்த்துவிட்டு மெதுவாக, "இப்ப அது சரியாயிடுச்சா?" என்றார். ஆயிடுச்சு சார், நானே பாத்து எடுத்துட்டேன். "எப்ப?" அங்கே நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நாள் ஆச்சு என்று சொல்லியிருக்கலாம், சின்னப் பாவங்கள் நாலைந்து சொல்லியாகிவிட்டது, மீதியை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம். ஜூன் இருபத்தேழு, என்றேன். தெரிஞ்சுச்சு, எடுத்தேன், யார்கிட்டயும் சொல்லல. அவர் விரல் விட்டு எண்ணினார், உதடு அசைந்தது, இருபது, இருபத்தொண்ணு, ஒவ்வொரு நாளாக எண்ணினார், அந்த விரல்களைப் பார்க்க முடியாமல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். "எட்டு நாள்," என்றார். "இவ அப்பத்தான் மாவிளக்குப் போட்டுட்டு வந்தா. அன்னைக்கு ஒரு போன் பண்ணியிருந்தா கூட." தாள்களை அடுக்கினார், கவருக்குள் வைத்தார், கவரின் வாயை இரண்டு தரம் மடித்தார், பன்னெண்டு மணிக்கு வார்டுல விடுவாங்க, நான் போகணும், என்று எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "எப்ப ஆரம்பிச்சுச்சு இது?" ஜூன் பதினொண்ணு, மொத்தம் பதினேழு நாள் சார், என்றேன். "பதினேழு நாள்ல எங்க வீட்டம்மா ஒருத்திக்குத்தான் மாறுச்சா?" தெரியல சார். "தெரிஞ்சுக்க முடியாதா?" முடியும். அவர் போய்விட்டார். செருப்பை வெளியே விட்டிருந்தார் போல, குனிந்து மாட்டிக்கொள்வது கண்ணாடி வழியே தெரிந்தது.

முடியும். அரை மணி நேர வேலை. யாருக்காகக் கேட்டோம் என்பதும் லேபிலிருந்து வந்த தாளில் யாருடைய எண் இருந்தது என்பதும் ஒவ்வொரு தடவையும் பதிவாகிறது, இரண்டும் ஒன்றாக இல்லாத வரிகளை மட்டும் எடு என்று கேட்டால் போதும். இதை நான் இப்போது கண்டுபிடிக்கவில்லை. ஜூன் இருபத்தேழாம் தேதியே தெரியும், பாப்பாவை ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துக்கொண்டு போகும்போது தெரியும், அதற்குப் பிறகு தொண்ணூறு நாளும் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது தெரியும், கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை. மேலே வந்து உட்கார்ந்து எழுதினேன், ஒரு தடவை எழுத்துப் பிழை, இரண்டாம் தடவை ஓடியது. முப்பத்தொரு வரி. முதலில் நூறு இருக்கும் என்று பயந்திருந்தேன், முப்பத்தொன்று என்றதும் உடம்பு ஒரு கணம் லேசானது, அந்த லேசுக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம். சர்க்கரை, சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, சர்க்கரை, கர்ப்பம் உண்டா என்று ஒன்று, மஞ்சள் காமாலை. சதைப் பரிசோதனை மூன்று. ஒன்று தையல்நாயகி. ஒன்று இரண்டு தாளிலும் சாதாரணம், மாறினாலும் மாறாதது, அவர் தப்பித்துக்கொண்டார். மூன்றாவது மெஹருன்னிசா, ஐம்பத்திரண்டு, அறந்தாங்கி. நாங்கள் காட்டியது சாதாரணம். லேபிலிருந்தது அதே சொல். அதற்குப் பக்கத்தில் யாரும் பேனாவால் எந்த எண்ணும் எழுதியிருக்கவில்லை.

என்ன இது, என்று பின்னாலிருந்து தீனதயாளன் சார் குரல். எப்போது வந்தார் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டாட்டிக், பதினேழு நாள், இருபத்தேழாம் தேதி, கீழே அவரிடம் சொன்னது, நிறுத்தாமல் சொன்னேன், அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், என் வளைகாப்புக்குக் குடும்பத்தோடு வந்தவர். அவர் முகம் வெளுத்திருந்தது. "அவர்கிட்ட ஏன் சொன்ன ரூபி? சரி, சொல்லிட்ட. இந்த லிஸ்ட்டை யாருக்கும் அனுப்பாத. வக்கீல்கிட்ட பேசிடுவோம். அவரு டெல்லி போயிருக்காரு, திங்கக்கிழமை வருவாரு. எப்படிச் சொல்லணும், என்ன வார்த்தையில சொல்லணும்னு அவரு எழுதித் தருவாரு." இன்னைக்கு வியாழக்கிழமை சார். "நாலு நாள்தானே." எட்டு நாள்னு ஒருத்தர் இப்பத்தான் விரல் விட்டு எண்ணிட்டுப் போறார் சார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "நான் எம்.டி.கிட்ட பேசிட்டு வரேன், அதுவரைக்கும் எதுவும் பண்ணாத," என்று சொல்லி எழுந்து போனார், போகும்போது என் திரையை அணைக்கவில்லை, அணைத்திருக்கலாம், கை நீட்டினால் எட்டும் தூரம்தான். என் வேலை போய்விடும். போகட்டும் என்று தைரியமாக நினைக்கவில்லை, பள்ளிக்கூடம், வீடு, என் வீட்டுக்காரர் வேலை தேடிக்கொண்டிருப்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன, போலீஸ் வருமா என்றுகூட நினைத்தேன், போலீஸ் என்றதும் அம்மாவின் முகம். எல்லாம் வந்து நின்றுகொண்டிருக்கும்போதே கை என் போனை எடுத்துப் பட்டியலிலிருந்த மெஹருன்னிசாவின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தது, ஒன்பது, நான்கு, நான்கு, ஒவ்வோர் எண்ணாக, எடுக்க மாட்டார்கள், எடுக்காமல் போகட்டும், அடித்தேன் எடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"அலோ, யாரு?" பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம். மெஹருன்னிசாம்மா இருக்காங்களா, நான் திருச்சியிலேர்ந்து பேசறேன், ரிப்போர்ட் ஆப் கம்பெனி. "நான்தாம்மா பேசறேன். என்ன ரிப்போர்ட்டு?" ஜூன் மாசம் நீங்க ஒரு டெஸ்ட் குடுத்தீங்கல்லம்மா. "ஆமா ஆமா, அது அப்பவே வந்துடுச்சேம்மா. ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. அல்லா காப்பாத்திட்டான்." அடுப்பைக் குறைத்தார் போல, சத்தம் தணிந்தது, குரல் பக்கத்தில் வந்தது, நல்ல குரல், சிரிக்கிற குரல். "எம் மவ கல்யாணம்கூட அதுக்கப்புறம்தான் பேசி முடிச்சோம். ஏம்மா, எதுக்கு இப்பப் போன் பண்றே?" அம்மா, அந்த ரிப்போர்ட் உங்களோடது இல்லம்மா. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. எங்க தப்புல மாறி வந்துடுச்சு, எழுதினது நான்தான், பேரு ரூபி. உங்களோடது இப்ப என் கையில இருக்கு, இன்னைக்கே நீங்க டாக்டர்கிட்ட போகணும். பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா? இருந்தா கூப்பிட்டுக்குங்க, அப்புறம் சொல்றேன்.

"யாருமில்லம்மா," என்றார். "எல்லாரும் பத்திரிகை வைக்கப் போயிருக்காங்க. நான் மட்டுந்தான் இருக்கேன். சொல்லு."